ஐம்பது வயதில் 350 சிசி வண்டி: வாங்கும் முன் யாராவது சொல்லியிருக்கலாம்

ஐம்பதைத் தாண்டிய நண்பர்கள் சிலர் சமீபத்தில் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "பையன் வேலைக்குப் போய்ட்டான், வீட்டுக் கடன் முடிஞ்சுது, இனிமேலாவது எனக்குப் பிடிச்ச வண்டி ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கேன். எது எடுக்கலாம்?" சில வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் நாலு பேரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குக் கிடைத்த பதில்கள் எல்லாம் எந்த நிறம், எந்த சைலன்சர், எந்த ஷோரூமில் சீக்கிரம் டெலிவரி என்பதைப் பற்றித்தான் இருந்தன. என் தோள், முட்டி, கண் இவற்றைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பிறகு சுமார் ஒன்றரை லட்சம் ரூபாயும், ஏறக்குறைய ஒரு வருட நடமாட்டமும் போயிற்று. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். யாராவது ஒருவர் முன்பணம் கட்டும் முன் இதைப் படித்தால் போதும்.

எங்களுக்குச் சேலத்தில் நூல் வியாபாரம். இளம்பிள்ளை, ராசிபுரம், திருச்செங்கோடு என்று தறிக்காரர்களைப் பார்க்கப் போவதெல்லாம் வண்டியில்தான். கல்லூரி முடித்த கையோடு கிடைத்தது ஒரு செகண்ட் ஹேண்ட் யமஹா ஆர்எக்ஸ் 100. 1985-இல் வந்து 1996-இல் நின்றுபோன வண்டி. 11 குதிரைத்திறன், எடை நூறு கிலோவை ஒட்டி. ஆக்ஸிலரேட்டரைத் தொட்டால் போதும், முன்சக்கரம் இலேசாகி விடும். அந்த வயதில் வண்டியைப் பற்றி எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: எவ்வளவு இழுக்கும்? கல்யாணமாகி மகள் பிறந்த பிறகு ஸ்ப்ளெண்டருக்கு மாறினேன். அப்போது கேள்வியும் மாறியது: எவ்வளவு கொடுக்கும்? லிட்டருக்கு அறுபதுக்கு மேல் கொடுத்த அந்த வண்டியில்தான் மகளைப் பள்ளியில் விட்டேன், வசூலுக்குப் போனேன், அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். இந்த இரண்டு கேள்விகளோடு முப்பது வருடம் ஓடிவிட்டது. ஐம்பதில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: எவ்வளவு கனம்? இதை நான் வண்டி வாங்கிய பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

நான் எடுத்தது ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, புது எஞ்சினோடு வந்த மாடல். ஆன் ரோடு இரண்டேகால் லட்சம் ஆயிற்று. வண்டியில் எந்தக் குறையும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடும்போது அது தரும் அமைதியை வேறு எந்த வண்டியிலும் நான் உணர்ந்ததில்லை. நாமக்கல் ரோட்டில் எழுபதில் போகும்போது மனதில் இருக்கிற கடன், பாக்கி எல்லாம் பின்னால் போய்விடும். ஆனால் அதன் எடை 195 கிலோ. ஸ்ப்ளெண்டர் 112 கிலோ. நடுவில் எண்பது கிலோவுக்கு மேல் வித்தியாசம். டெஸ்ட் ரைடில் இது தெரியாது. ஓடுகிற வண்டி தன் எடையைத் தானே சுமந்துகொள்ளும். நிற்கிற வண்டியின் எடையை நாம்தான் சுமக்க வேண்டும். ஷோரூமில் இருந்து ஒரு கிலோமீட்டர் நேராகப் போய்விட்டு வருவதை வைத்து யாரும் முடிவு செய்யாதீர்கள்.

வாங்கிய சில வாரங்களிலேயே உடம்பு எனக்குச் சேதி சொல்ல ஆரம்பித்தது. கடைக்கு முன்னால் தெரு கொஞ்சம் சரிவு. மூக்கை உள்பக்கமாக விட்டு நிறுத்தினால் பின்னால் இழுத்து வெளியே எடுக்க மூச்சு வாங்கியது. செண்டர் ஸ்டாண்ட் போட்டால் இடுப்பில் ஒரு பிடிப்பு. அதனால் எப்போதும் சைடு ஸ்டாண்டுதான். டவுனுக்குள் நெரிசலில் அடிக்கடி கிளட்ச் பிடிப்பதில் இடது மணிக்கட்டு வலித்தது. மனைவிக்கு வேறு கஷ்டம். "ஏங்க, ஏறவே முடியலைங்க, முட்டி இழுக்குது" என்றாள். அவள் என் தோளைப் பிடித்து ஏறும் அந்த இரண்டு நொடிதான் எனக்கு மிகவும் பயமான நேரம். வண்டி ஒரு பக்கம் சாயும், என் கால் விரல்கள் மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். என் உயரம் ஐந்தடி ஐந்தங்குலம். சீட் உயரம் 805 மில்லிமீட்டர். பழகினால் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். இருபது வயதில் பழகும், உண்மைதான். ஐம்பதுக்கு மேல் தசை வலு பொதுவாக வருடா வருடம் குறையத்தான் செய்கிறது. அதனால் வண்டி வாங்கிய புதிதில் இந்த மாதிரி சின்னச் சின்ன சிரமங்கள் தெரிந்தால் அவற்றைப் பழக்கக் குறைவு என்று தள்ளிவிடாதீர்கள்.

கொல்லிமலையில்தான் எல்லாம் ஒரே நேரத்தில் கூடி வந்தது. காரவள்ளியில் இருந்து மேலே போகும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆர்எக்ஸ் காலத்தில் இருந்து தெரிந்த பாதை. தனியாகக் கிளம்பினேன், மதியம் சாப்பிட்டுவிட்டு. பாதி தூரம் ஏறியபின் இடப்பக்கம் திரும்பும் ஒரு வளைவில் நுழைந்துவிட்டேன், மேலே இருந்து பஸ் இறங்கி வந்தது. வளைவு முழுவதையும் எடுத்துத்தான் பஸ் திரும்ப முடியும். நான் நின்றாக வேண்டும். வலது கால் பின் பிரேக்கில் இருந்தது, இடது காலை ஊன்றப் போனேன். கொண்டை ஊசி வளைவில் உள்பக்கம் தாழ்ந்துதான் இருக்கும். சமதளத்திலேயே விரல் நுனிதான் எட்டும் எனக்கு, அங்கே தரையே கிடைக்கவில்லை. வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. நான் விடவில்லை. முப்பது வருடப் பழக்கம், சாயும் வண்டியைக் கை தானாகவே இழுத்துப் பிடிக்கும். இடது தோளுக்குள் ஏதோ கிழிந்தது போல ஒரு வலி. அடுத்த நொடி வண்டியும் நானும் கீழே கிடந்தோம். பஸ் டிரைவர் நிறுத்திக்கொண்டார், இல்லையென்றால் இதை எழுத நான் இல்லை.

க்ராஷ் கார்டு இருந்ததால் கால் அடியில் மாட்டவில்லை. எஞ்சினை அணைத்தேன். ஒரு பக்கமாகப் படுத்துக் கிடந்த வண்டியை எழுப்பக் குனிந்தபோது இடது கை மேலே வரவே இல்லை. அந்த நேரத்து மனநிலையைச் சொல்ல வேண்டும். வலியைவிட அவமானம் பெரிதாக இருந்தது. பஸ்ஸில் இருந்து எத்தனையோ பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்டக்டரும் இரண்டு இளைஞர்களும் இறங்கி வந்து தூக்கி ஓரமாக நிறுத்தினார்கள். "பெரியப்பா, தண்ணி குடிங்க" என்று ஒரு பையன் பாட்டிலை நீட்டினான். அதற்கு முன் யாரும் என்னை ரோட்டில் பெரியப்பா என்று கூப்பிட்டதில்லை. பஸ் போன பிறகு பார்த்தேன், கிளட்ச் லீவர் பாதியில் உடைந்திருந்தது, கியர் பெடல் உள்ளே வளைந்திருந்தது. போனில் சிக்னல் இல்லை. இருட்டும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அன்னாசிப்பழம் ஏற்றி வந்த மினி டெம்போக்காரர் ஒருவர்தான் வண்டியையும் என்னையும் சேந்தமங்கலம் வரை இறக்கிவிட்டார். அவர் கேட்டது 2,000 ரூபாய். பத்தாயிரம் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, இந்த ஒரு மாலையில் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். மலைப்பாதையில் வளைவுக்குள் நிற்கும் நிலை வரவே கூடாது. வளைவை நெருங்கும் முன் தலையைத் தூக்கி மேலே உள்ள ரோட்டைப் பாருங்கள், பஸ்ஸோ லாரியோ இறங்கினால் வளைவுக்கு முன்பே, ரோடு நேராக இருக்கிற இடத்தில் நின்றுகொள்ளுங்கள். அடுத்தது, இதைவிட முக்கியமானது: கனமான வண்டி ஓர் அளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் விட்டுவிடுங்கள். கையை எடுத்து, காலை விலக்கி, ஒதுங்கி நில்லுங்கள். என் வண்டியின் லீவர், மிரர், இண்டிகேட்டர், பெடல் எல்லாம் மாற்றி ஹேண்டில்பாரை நிமிர்த்த ஆன செலவு ஏழாயிரத்துக்குள். வண்டியைக் காப்பாற்றப் போன தோளுக்கு ஆன செலவு அதைப்போல் பத்து மடங்கு. விழுந்த வண்டியைத் தூக்குவதிலும் முறை இருக்கிறது. வண்டி உருளாமல் இருக்க கியரில் போட்டுவிட்டு, சீட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையில் ஹேண்டில்பாரையும் மறு கையில் பின்பக்கக் கம்பியையும் பிடித்து, கால் பலத்தில் பின்னோக்கி நடந்து எழ வேண்டும். முன்பக்கமாகக் குனிந்து இழுத்தால் முதுகு போய்விடும். ஐம்பதுக்கு மேல் சரிவான இடத்தில் இதையும் தனியாகச் செய்யாதீர்கள், ஆள் வரும் வரை காத்திருங்கள்.

தோள் கதைக்கு வருகிறேன். மறுநாள் பார்த்த இடத்தில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முறிவு இல்லை என்று சொல்லி, வலி மாத்திரை கொடுத்து, கையைக் கழுத்தில் மாட்டும் தூளியில் போட்டு அனுப்பினார்கள். எத்தனை நாள் என்று யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. அசைத்தால் வலிக்கிறது, அதனால் நானும் அசைக்கவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் ஆனபோது வலி குறையும் என்று பார்த்தால், கை தோளுக்கு மேல் எழவில்லை. சட்டை போட முடியவில்லை. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். பிறகு ஒரு எலும்பு டாக்டரிடம் போனேன். அவர் எம்ஆர்ஐ பார்த்துவிட்டு, தசைநாரில் சிறு கிழிசல், அதற்கு மேல் ஃப்ரோசன் ஷோல்டர் என்றார். அடுத்து அவர் கேட்டது எனக்கு ஆச்சரியம்: "சுகர் பார்த்திருக்கீங்களா சார்?" பார்த்ததில்லை. மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி எட்டுக்கு மேல் இருந்தது. சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள்மூட்டு இப்படி இறுகிப்போவது மற்றவர்களைவிட அதிகம், குணமாகவும் நாள் பிடிக்கும் என்று விளக்கினார். முதலில் வலி, அப்புறம் இறுக்கம், அப்புறம் மெல்ல மெல்லத் தளர்வு என்று மூன்று கட்டம். மொத்தம் ஒரு வருடத்தில் இருந்து மூன்று வருடம் வரைகூட ஆகலாமாம்.

மூட்டுக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். அது வலியைக் குறைத்தது, ஆனால் சில நாள் சர்க்கரையை ஏற்றிவிடும் என்று முன்கூட்டியே எச்சரித்தார், அப்படியே ஏறியது. அதன்பின் பிசியோதெரபி. குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் போல ஆட்டுவது, சுவரில் விரல்களை ஒவ்வொன்றாக மேலே ஏற்றுவது, கதவுக்கு மேல் கப்பி மாட்டிக் கயிற்றை இழுப்பது. கேட்க எளிது, செய்யும்போது கண்ணில் நீர் வரும். பிசியோ செய்த பெண் பொறுமைசாலி. "சார், இன்னிக்கு ஒரு விரக்கடை மேல போயிருக்கு பாருங்க" என்று சுவரில் பென்சிலால் கோடு போட்டுக் காட்டுவார். அந்தக் கோடுகள் இல்லையென்றால் நான் பாதியில் விட்டிருப்பேன். விழுந்து தோளில் அடிபட்டவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: எலும்பு முறியவில்லை என்றால், கையை எத்தனை நாள் கட்டி வைக்க வேண்டும், எந்த நாளில் இருந்து அசைக்க வேண்டும் என்பதை முதல் நாளே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாற்பதைத் தாண்டியவர் என்றால் சர்க்கரையையும் அப்போதே பாருங்கள்.

பணக் கணக்கு. ஸ்கேன், ஊசி, டாக்டர் கட்டணம், மாதக்கணக்கில் பிசியோ எல்லாம் சேர்ந்து எழுபதாயிரத்தைத் தொட்டது. இதில் ஒரு ரூபாய்கூட இன்ஷூரன்ஸில் வரவில்லை. வண்டி இன்ஷூரன்ஸோடு கட்டாயமாக வரும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு நமக்கு அடிபட்டால் கைகொடுக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மட்டும்தான். சிகிச்சைச் செலவைக் கொடுக்காது. மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் 24 மணி நேரமாவது ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் கிடைக்கும். தினமும் போய் வரும் பிசியோவுக்குக் கிடைக்காது. புறநோயாளி செலவையும் தரும் பாலிசி, வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்கு ஒரு தொகை தரும் தனி விபத்துப் பாலிசி என்று இருக்கின்றன. வண்டி ஓட்டியே பிழைப்பு நடத்துபவர்கள் ஏஜெண்டிடம் இந்த இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். நான் தறிக்காரர்களைப் பார்க்கப் போக முடியாமல், ஆள் வைத்து வசூல் செய்த மாதங்களின் நஷ்டத்தை இங்கே சேர்க்கவே இல்லை.

இத்தனையிலும் என்னை அதிகம் வாட்டியது வேறு. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே பேச்சு பேசினார்கள். "இந்த வயசுல எதுக்குங்க வண்டி? கார்ல போங்க." மகள் பெங்களூரில் இருந்து வந்து அழுதாள். "அப்பா, வித்துடுங்கப்பா, நான் நிம்மதியா தூங்கணும்." அவளுக்கு நான் என்ன சொல்வது? வண்டி எனக்கு வெறும் போக்குவரத்து இல்லை. அப்பா இறந்த வருடம், வியாபாரம் படுத்த வருடம் எல்லாம் நான் தனியாக ஏற்காடு போய்த்தான் மனதைத் தேற்றிக்கொண்டேன். இதை வீட்டில் விளக்கத் தெரியவில்லை. இன்னொரு பக்கம் வண்டிக்கார நண்பர்கள். "இதெல்லாம் சகஜம், மறுபடி ஏறு, பயம் போயிடும்" என்பார்கள். வண்டியை விடச் சொல்ல ஆள் இருக்கிறது, அதே வண்டியில் மறுபடி ஏறச் சொல்லவும் ஆள் இருக்கிறது. வண்டியை மாற்று, பழக்கத்தை மாற்று, ஓட்டுவதை விடாதே என்று சொல்ல மட்டும் யாரும் இல்லை. அந்த வழியை நானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

தேடத் தொடங்கியபோது முதலில் போனது கண் டாக்டரிடம். இது பிசியோ சொன்ன யோசனை. வெள்ளெழுத்துக்காக நான் போட்டிருந்தது மேலே தூரத்துக்கும் கீழே கிட்டத்துக்குமான பைஃபோகல். வண்டியை நிறுத்தும்போது கால் வைக்கும் இடத்தைக் குனிந்து பார்த்தால் பார்வை கீழ்ப் பாதிக் கண்ணாடி வழியாகப் போகும், தரை மங்கலாகத் தெரியும், ஆழமும் சரியாகப் பிடிபடாது. மலையில் என் கால் தரையைத் தேடியபோது இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று கண் டாக்டர் சொன்னதும் எனக்குத் திக்கென்றது. இப்போது வண்டிக்கென்று தூரப்பார்வைக்கு மட்டும் தனிக் கண்ணாடி, ஸ்பீடாமீட்டர் கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை. இரவைப் பற்றியும் சொன்னார். வயதாக ஆகக் கண்மணி சுருங்கி உள்ளே போகும் வெளிச்சம் குறையும், லென்ஸ் மெல்ல மங்கலாகி எதிர்வெளிச்சம் சிதறும். எதிரே எல்இடி விளக்கு போட்டு வருபவன் போன பிறகு ரோடு மறுபடி தெரிய இளைஞனைவிட நமக்கு அதிக நேரமாகும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் போய்விடும் என்பதை வைத்துப் பார்த்தால், அரை நொடித் தாமதம்கூட இரண்டு கார் நீளம். அதன்பின் இருட்டியபின் நெடுஞ்சாலையில் ஓட்டுவதை நிறுத்திவிட்டேன். இதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

இனி வண்டித் தேர்வு. இந்தத் தடவை டெஸ்ட் ரைடுக்கு முன்னால் ஒரு வேலை செய்தேன், எல்லோரையும் செய்யச் சொல்கிறேன். ஷோரூமின் வழவழப்பான டைல்ஸ் தரையில் இல்லாமல் வெளியே, கொஞ்சம் சரிவான இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். எஞ்சினை ஆன் செய்யாமல் தள்ளினேன், பின்னால் இழுத்தேன், ஹேண்டிலை முழுதாக ஒடித்து ஒரு வட்டம் சுற்றினேன், செண்டர் ஸ்டாண்ட் போட்டு எடுத்தேன். பிறகு மனைவியை ஏற்றி இறக்கினேன், இரண்டு தடவை. சேல்ஸ் பையன் பொறுமை இழந்தான், நான் இழக்கவில்லை. வெறும் சீட் உயரத்தை நம்பக் கூடாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. சீட் அகலமாக இருந்தால் தொடை விரிந்து கால் எட்டாமல் போகும், அதே உயரத்தில் ஒல்லியான சீட் என்றால் பாதம் பதியும். சீட் தாழ்ந்த க்ரூஸர் வகையையும் பார்த்தேன். மீட்டியர் 350-இன் சீட் 765 மில்லிமீட்டர்தான், இரண்டு பாதமும் முழுதாகப் பதிந்தது. ஆனால் எடை 191 கிலோ, தள்ளும்போது பழைய கதைதான். கால் முன்னால் நீட்டி உட்காரும் நிலையில் பள்ளத்தின் அடி நேரே முதுகுத்தண்டில் இறங்கியது, பதினைந்து நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது.

கியர் இல்லாத ஸ்கூட்டர் எடுத்தால் இடது கைக்கும் இடது காலுக்கும் ஓய்வு. டவுனுக்குள் மட்டும் ஓட்டுபவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். எனக்குக் கிராமத்து ரோடுகள், சின்னச் சக்கரம் குழியில் இறங்கினால் தூக்கிப் போடும். 18 இஞ்ச் சக்கரம் வேண்டும் என்று முடிவு செய்தேன். 125 சிசி வண்டிகள் இலேசாக இருந்தன, ஆனால் எனக்கு ஏபிஎஸ் வேண்டும். 2019 ஏப்ரலில் இருந்து 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அது கட்டாயம், நான் வாங்கியபோது அதற்குக் கீழே பெரும்பாலும் சிபிஎஸ்தான், அதாவது ஒரு பிரேக்கை அழுத்தினால் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் வகை. பயந்து போய்த் திடீரென்று முன் பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது ஏபிஎஸ். வயது கூடும்போது அந்தத் திடீர் பிரேக்குகளும் கூடும். கடைசியில் ஹோண்டா யூனிகார்ன் எடுத்தேன். 140 கிலோ, ஒல்லியான சீட், 18 இஞ்ச் சக்கரம், முன்னால் ஏபிஎஸ். பழைய வண்டியைவிட 55 கிலோ குறைவு, அதாவது இரண்டு சிப்பம் அரிசியை இறக்கி வைத்த மாதிரி. தெருவில் யாரும் திரும்பிப் பார்க்கிற வண்டி இல்லை. முதல் மாதம் அது மனதைக் கொஞ்சம் உறுத்தியது, மறைக்கவில்லை. ஆனால் கடை முன்னால் ஒரு கையால் பின்னுக்கு இழுத்து எடுத்த அன்று அந்த உறுத்தல் போய்விட்டது.

கிளாசிக்கை ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு விற்றேன். அறுபத்தைந்தாயிரம் நஷ்டம். விற்கும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று இருக்காதீர்கள். ஆர்சி வாங்கியவர் பெயருக்கு மாறிவிட்டதா என்று அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்த்து உறுதி செய்யுங்கள். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லியிருக்கிறது. நான் ஒரு புரோக்கரை நம்பி இரண்டு மாதம் தூக்கம் கெட்டேன். இன்னொன்று, க்ளெய்ம் எடுக்காத வருடங்களுக்குச் சேரும் நோ க்ளெய்ம் போனஸ் வண்டிக்கு இல்லை, நமக்குச் சொந்தம். விற்றதும் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கடிதம் வாங்கிக்கொண்டால் மூன்று வருடத்துக்குள் புது வண்டியின் பிரீமியத்தில் கழித்துக்கொள்ளலாம். ஏழாயிரம் ரூபாய் ரிப்பேருக்கு நான் க்ளெய்ம் போடாமல் விட்டது இதற்காகத்தான்.

ஓட்டும் பழக்கமும் மாறிவிட்டது. காலையில் விடிந்ததும் கிளம்பி, வெயில் ஏறும் முன் பாதி வழியைத் தாண்டிவிடுவேன். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி, தோளையும் கழுத்தையும் சுற்றி, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி ஏறுவது. முதுகில் பை மாட்டுவதே இல்லை, சாமான் எல்லாம் பின்சீட்டில் கட்டும் பையில். கழுத்து முன்போல் திரும்புவதில்லை, அதனால் கொஞ்சம் வெளியே நீளும் பெரிய மிரர் போட்டிருக்கிறேன். ஹெல்மெட்டில் தாடைப் பகுதியை மேலே தூக்கும் வகை, ஐஎஸ்ஐ முத்திரை உள்ளது. கண்ணாடி போட்டவர்களுக்கு அது பெரிய வசதி. சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் வெறும் வயிற்றில் கிளம்பாதீர்கள். சர்க்கரை குறைந்து கண் இருட்டினால் வண்டியில் எதுவும் செய்ய முடியாது. என் டேங்க் பையில் எப்போதும் நாலு கடலை மிட்டாய் இருக்கும். தனியாக மலைக்குப் போகும்போது எந்த வழியாகப் போகிறேன், எத்தனை மணிக்குள் போன் செய்வேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போகிறேன். மகளும் இப்போது விற்கச் சொல்வதில்லை, இருட்டும் முன் வீடு வந்ததும் ஒரு மெசேஜ் கேட்கிறாள், அவ்வளவுதான்.

லைசென்ஸ் விஷயமும் ஒன்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஐம்பதில் இருந்து ஐம்பத்தைந்துக்குள் புதுப்பித்தால் அறுபது வயது வரை செல்லும், ஐம்பத்தைந்துக்கு மேல் என்றால் ஐந்தைந்து வருடம்தான். காலாவதியாகி ஒரு வருடம் கடந்தால் மறுபடி டெஸ்ட் கொடுக்க வேண்டியிருக்கும். நாற்பதுக்கு மேல் படிவம் 1ஏ என்ற மருத்துவச் சான்று தேவை. அதைக் கையெழுத்துக்கு மட்டும் வாங்காமல், கண், காது, கை, கால் எல்லாம் உண்மையாகவே பார்த்துச் சொல்லும் டாக்டரிடம் வாங்குங்கள். சர்க்கரை இருந்தால் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று வருடத்துக்கு ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள். மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுக் கேட்பார்கள், சில நிமிட வேலை. பாதம் மரத்துப்போனால் பின் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது. எனக்கு இந்த வருடச் சோதனையில் இரண்டு பாதமும் சரியாக இருக்கிறது. சரியில்லை என்று வரும் வருடம் பிரேக் இரண்டும் கையிலேயே இருக்கும் ஸ்கூட்டருக்கு மாறிவிடுவது என்று மனைவியிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். எந்த மாடல் என்றுகூட அவள் பார்த்து வைத்துவிட்டாள்.